வரவு யார் பெயரில்?

இலக்கியம் பேசுகிறவர்கள் கல்லூரியிலும் இலக்கியமே படித்திருப்பார்கள் என்றொரு நம்பிக்கை நம் வாசக நண்பர்களிடம் இருக்கிறது. கூட்டங்களில் அறிமுகமாகிறவர்கள் 'தமிழா, ஆங்கிலமா?' என்றே கேட்கிறார்கள். நாங்கள் மூவரும் இத்தனை காலம் சிரித்து மழுப்பி வந்திருக்கிறோம். உண்மையில் நாங்கள் படித்தது பி.காம். 2001 முதல் 2004 வரை, தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கல்லூரியில், ஒரே வகுப்பில், பெரும்பாலும் ஒரே பெஞ்சில். இதை ஒளித்து வைத்ததற்குத் தக்க காரணம் ஏதுமில்லை. பொறியியல் கிடைக்காதவர்களும், கிடைத்தாலும் கட்டணம் கட்ட இயலாதவர்களும் ஒதுங்கும் திண்ணை என்று அந்தப் படிப்புக்கு அன்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நாங்களும் நம்பினோம், அவ்வளவுதான்.

இப்போது இதைப் பேச நேர்ந்ததற்குக் காரணம் எங்களில் ஒருவரின் அக்காள் மகள். பள்ளியில் அறிவியல் பிரிவில் படித்துவிட்டு, வணிகவியலில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த இரண்டாம் வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, பணம் உள்ள வந்தா அது வரவுதானே? இவங்க ஏன் பற்றுன்னு எழுதச் சொல்றாங்க?"

கேள்வியைக் கேட்டதும் எங்களுக்கு உடல் சிலிர்த்தது என்றால் மிகையென்று தோன்றலாம். ஆனால் இதே கேள்வி இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் நாவின் நுனிவரை வந்து நின்றது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டால் 'டெபிட் வாட் கம்ஸ் இன்' என்ற மந்திரத்தை இன்னொரு முறை உரக்கச் சொல்வார்கள் என்பது தெரியும். வருவதைப் பற்று வை, போவதை வரவு வை. தமிழில் சொல்லிப் பார்த்தால் எவருக்கும் தலை சுற்றும் விதி இது. வருவது எப்படி வரவு ஆகாமல் போகும்? ஆங்கிலத்தில் சொன்னால் சுற்றாது. ஏனெனில் ஆங்கிலத்தில் டெபிட் என்பது எங்களுக்கு வெறும் ஓசை. ஓசையை மனப்பாடம் செய்வது எளிது. மூன்றாண்டுப் படிப்பும் இந்த ஒரு வசதியின் மேல்தான் நின்றது என்று இன்று தோன்றுகிறது. புரியாத மொழியில் படித்தால் ஐயம் எழுவதில்லை.

எங்கள் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபது பேர். அவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கடையின் பின்கட்டிலிருந்து வந்தவர்கள். தானிய மண்டி, பலசரக்கு, பாத்திரக் கடை, அச்சகம், சைக்கிள் கடை, வாரச் சீட்டு நடத்தும் அத்தை. எட்டாம் வகுப்பு விடுமுறையிலேயே கல்லாவில் உட்கார்ந்தவர்கள் பலர். எடை போடுகையில் முதல் எடையை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று சொல்லி, பிறகே இரண்டு, மூன்று என எண்ண வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சரக்கின் அடக்கவிலையைப் பத்தெழுத்துச் சொல் ஒன்றின் எழுத்துகளால் அட்டையில் குறித்து வைத்து, வாங்க வந்தவர் கண்ணெதிரிலேயே அதைப் படித்துப் பேரம் பேசும் கலை தெரியும். நன்னூல் குழூஉக்குறி என்று வகுத்ததை அவர்கள் வாழ்க்கையில் செய்துகொண்டிருந்தார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரின் பேரனும் எங்களோடு படித்தான்.

இந்த அறுபது பேரிடமும், உன் வீட்டில் என்ன வணிகம் என்று மூன்றாண்டுகளில் ஒரு முறைகூட வணிகவியல் ஆசிரியர் எவரும் கேட்கவில்லை. ஆசிரியர்கள் தீயவர்கள் அல்லர். பாடத்திட்டம் அவர்களிடம் அதைக் கேட்கச் சொல்லவில்லை.

மாறாக நாங்கள் படித்தவை வேறு. 1892-இல் லண்டனில் முடிந்த கார்லில் வழக்கு எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கார்பாலிக் புகைப்பந்தை விதிப்படி முகர்ந்த பிறகும் இன்ஃபுளுயன்சா வந்தால் நூறு பவுன் தருவோம் என்று விளம்பரம் செய்த நிறுவனம், தன் நேர்மைக்குச் சான்றாக ஆயிரம் பவுனை வங்கியில் கட்டி வைத்திருப்பதாகவும் சொன்ன கதை. அருமையான கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கள் பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் லேகியம் விற்பவர், குணமாகாவிட்டால் பணம் வாபஸ் என்று கூவியது அதே பொதுமுன்மொழிவு என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. காலணி வணிகர் சாலமனின் 1896-ஆம் ஆண்டு வழக்கைப் படித்து, நிறுவனம் வேறு ஆள் வேறு என்று எழுதினோம். இளவர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்ற 1903-ஆம் ஆண்டின் மொகரி பீபி தீர்ப்பை, பன்னிரண்டு வயதிலிருந்தே கொள்முதல் பேசி வந்த பையன்கள் சிரிக்காமல் எழுதி மதிப்பெண் பெற்றார்கள்.

செலவுக் கணக்கியல் வகுப்பில் நடந்ததொன்று மறக்க முடியாதது. டெய்லரின் வேறுபாட்டுத் துண்டுக்கூலி முறை. 1895-இல் அந்த அமெரிக்கப் பொறியாளர் வகுத்தது. பாடநூற்படி, குறித்த அளவை எட்டாதவருக்குச் சாதாரண வீதத்தில் 80 விழுக்காடு, எட்டியவருக்கு 120 விழுக்காடு. ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு மாணவி. தினமும் விடியலில் தாயோடு சேர்ந்து சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவள். விரல் நுனிகள் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். அவள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "எங்க தீப்பெட்டியாபீசுல எத்தனை சட்டம் அடுக்குனாலும் எண்பதுதாண்டி." பின்வரிசைவரை கேட்டது. ஆசிரியர் திரும்பிப் பார்த்து, 'சைலன்ஸ்' என்றார். துண்டுக்கூலியைப் பற்றி அந்த அறையில் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் அவள்தான் என்பது எங்களுக்கும் அன்று தோன்றவில்லை. நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கையில் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் வட்டாரத்தின் கல்விநிலையங்கள் பலவும் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிச் சேர்த்த மகமைப் பணத்தில் எழுந்தவை. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பள்ளி நடத்திய வரலாறு உண்டு. காமராசர் படித்தது அப்படிப்பட்ட பள்ளியில்தான். உலகில் எங்கே சொன்னாலும் வியந்து கேட்கக்கூடிய வணிகவியல் பாடம் அது. மகமை என்ற சொல் எங்கள் பாடத்தில் எங்கும் இல்லை. சீட்டு நிதிக்கென்று 1982-இலேயே நடுவணரசுச் சட்டம் இருந்தும் சீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிசில் அச்சிட்ட லூக்கா பாச்சியோலியின் பெயர் இருந்தது, நல்லது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை விரித்த நகரத்தார் எந்த முறையில் ஐந்தொகை எடுத்தார்கள் என்பது இல்லை. அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் சொற்களையெல்லாம் நாங்கள் பிற்பாடு ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில்தான் சந்தித்தோம். மெடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்த மனிதர் எழுதிய நாவல். அதைப் படித்த இரவில்தான் பி.காம் படித்ததற்காக முதன்முதலாக நாங்கள் வெட்கப்படாமல் இருந்தோம்.

தமிழ் வகுப்பு மட்டும் கொஞ்சம் வேறாக இருந்தது. பகுதி ஒன்று தமிழ் எல்லோருக்கும் பொது. வணிகவியல் மாணவர்களுக்குத் தமிழ் எடுப்பதென்றால் ஆசிரியர்களுக்கே ஓர் அலுப்பு இருக்கும். ஆனால் எங்களுக்கு வந்தவர் முதல் நாளே கரும்பலகையில் பெயர்களாக எழுதினார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார். மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். எழுதி முடித்துத் திரும்பி, "இதில் எத்தனை பேர் உங்கள் ஆட்கள், பாருங்கள்" என்றார். பிறகு, "இந்த வகுப்பில் கூலவாணிகர் யாரும் உண்டா?" என்று கேட்டார். எங்களில் ஒருவரின் தந்தைக்குத் தானிய மண்டி. கம்பு, சோளம், உளுந்து, மல்லி, வத்தல். கூலவாணிகம் என்றால் அதுதான். அவர் கையைத் தூக்கவில்லை. மற்ற இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் பெஞ்சைப் பார்த்தார். ஆசிரியர் சற்று நேரம் காத்திருந்துவிட்டுச் சிலப்பதிகாரத்துக்குப் போனார். முதல் எல்லாம் இழந்த வணிகன், மனைவியின் சிலம்பை முதலாக வைத்துத் தொழில் தொடங்க வேற்றூர் போகிற கதை. நொடித்துப்போனவரின் கணக்கை அதே மாடியில் அடுத்த அறையில் எங்களுக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது.

கையைத் தூக்காத அந்த நண்பரின் வீட்டுக்கு இனிப் போக வேண்டும்.

2002-இல் மழை பொய்த்தது. எங்களுடையது வானம் பார்த்த கரிசல் பூமி. மண்டிக்காரர் விதைப்பு நேரத்தில் சம்சாரிகளுக்கும் கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்கும் கடனுக்குச் சரக்கும் ரொக்கமும் தருவார். வெள்ளாமை வந்ததும் அது தானியமாகவோ பணமாகவோ திரும்பும். அந்த ஆண்டு திரும்பவில்லை. இவர் விருதுநகரில் மொத்த வணிகரிடம் வாங்கியிருந்த கடன் அப்படியே நின்றது. நாளிதழில் விருதுநகர் விலைநிலவரம் வரும் பக்கத்தை அவர் காலையில் திறப்பதையே நிறுத்திவிட்டார் என்று நண்பர் சொன்னார். 2003 தொடக்கத்தில், நாங்கள் இரண்டாம் ஆண்டில் இருக்கையில், ஒரு ஞாயிறு எங்களை வீட்டுக்கு அழைத்தார். "மூணு பேரும் காமர்ஸ்தானே படிக்கீங்க தம்பி. நோட்டக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கடைய வைக்கவா, எடுக்கவா?"

அப்போது எங்களுக்கு இருந்த பெருமிதத்தைச் சொல்லத்தான் வேண்டும். கால்குலேட்டரும் கோடு போட்ட தாளும் வாங்கிக்கொண்டு போனோம். அவர் சிட்டையையும் பேரேட்டையும் எங்கள் முன்னால் வைத்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள், 'லாபம்' என்ற எழுத்து. அடுத்த பக்கத்திலிருந்து எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரவு இடப்புறம் இருந்தது, பற்று வலப்புறம். எங்கள் புத்தகத்தில் நேர் எதிர். வந்த பணத்தையெல்லாம் அவர் வரவு என்றே எழுதியிருந்தார். "அப்பா, இது தப்பு. ரொக்கம் வந்தா பற்றுலதான் எழுதணும்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் சொன்னது என்பதை மூவரும் இன்றுவரை ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை. "வரவுன்னா யாரு பேர்ல வரவு?" என்று கேட்டார். எங்களிடம் பதிலில்லை. "பெட்டிக்கு வந்ததச் சொல்லல தம்பி. பெட்டிக்கு எல்லாந்தான் வரும். இன்னார் குடுத்திருக்காரு, அத அவரு பேர்ல வரவு வைக்கேன். இன்னார் எடுத்துட்டுப் போயிருக்காரு, அது அவரு பேர்ல பற்று. நோட்டுல இருக்கது பூரா ஆளுதான். உங்க புத்தகத்துல பெட்டியவும் ஒரு ஆளா நெனச்சிருப்பாங்க. பெட்டி வாங்கிக்கிட்டுல்லா? அப்போ பெட்டி பேர்ல பற்று. ரெண்டும் ஒண்ணுதான்."

ஓர் ஆண்டும் சில மாதங்களும் வகுப்பில் உட்கார்ந்து கிடைக்காதது அரை நிமிடத்தில் கிடைத்தது. பெறுபவர் பற்று, தருபவர் வரவு என்ற ஆள்சார் கணக்கின் விதியும், வருவது பற்று என்ற சொத்துக் கணக்கின் விதியும் ஒன்றே என்பது. பெட்டியை ஆளாக நினைத்துக்கொண்டால் போதும். இதைச் சொல்லித் தந்தவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று எழுதினால் நெகிழ்ச்சிக் கதையாகிவிடும். அவர் நெகிழ்ச்சியை விரும்பாத மனிதர். ஆகவே அதைச் சொல்லி மேலே போகிறோம்.

இரண்டு நாள் உட்கார்ந்து நிலுவைகளைப் பட்டியலிட்டோம். நான்கு லட்சத்துச் சொச்சம் வரவேண்டியிருந்தது. புத்தகத்தின்படி அடுத்த வேலை, இதில் எவ்வளவு வாராக்கடன், எவ்வளவு ஐயக்கடன் என்று பிரிப்பது. தேர்வுத்தாளில் 'ஐந்து விழுக்காடு ஒதுக்கு செய்க' என்று கொடுத்திருப்பார்கள். இங்கே யாரும் கொடுக்கவில்லை. எந்தப் பெயரை அடிப்பது என்று அவரைக் கேட்டோம். அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துச் சொன்னார். இவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். இவர் எங்கள் அப்பா சாவுக்கு வண்டி கட்டி வந்தவர். இவர் செத்துப்போனார், பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இவர் வேண்டுமென்றே தராதவர், ஆனாலும் தருவார். கடைசியில், "அடிச்சிட்டா பெறவு ரோட்டுல பாத்தா எப்படி மூஞ்சில முழிக்க?" என்றார்.

நாங்கள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. கடையை எடுத்துவிடுங்கள் என்றது. அவர் கிட்டங்கியை விற்று விருதுநகர்க் கடனை அடைத்தார். சித்திரையில் புதுக்கணக்கு எழுதவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் கடைக்காரரைத் தெய்வமாக்கிப் புத்தகத்தைப் பழிக்கும் கட்டுரையாகிவிடும். எங்கள் மூவருக்குள்ளேயே அதற்கு உடன்பாடில்லை. மூன்றாமவரின் குடும்பம் அதே ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. அந்தத் தெருவுக்கு மண்டியில் கடன் கிடையாது. ரொக்கம் கொடுத்தால் சரக்கு. அதுவும் கடைக்குள் ஏறி அன்று, படிக்குக் கீழே நின்று. நான்கு லட்சத்துச் சொச்சத்தில் அந்தத் தெருவின் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதை அவர் அந்த ஞாயிறன்றே கவனித்திருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து, ஓர் இரவுப் பேருந்தில், சர்வசாதாரணமாகச் சொன்னார்: "உங்களுக்கு நோட்டுல எல்லாம் ஆளா இருந்தது அழகாத் தெரிஞ்சது. எங்க வீட்டு ஆளு அந்த நோட்டுக்குள்ள வரவே முடியல. எனக்கு அந்த டெபிட்டு கிரெடிட்டுதான் பிடிச்சிருந்தது. அதுக்கு என்னை யாருன்னு தெரியாது."

நண்பர்களே, இதற்கு எங்களிடம் இன்றும் பதிலில்லை. சாலமன் வழக்கில் நிறுவனம் வேறு ஆள் வேறு என்று படித்தோமே, அந்த வரி ஒருவருக்கு மனப்பாடம், இன்னொருவருக்கு விடுதலை. ஆள் முகம் பார்த்துத் தரப்படும் கடன், ஆள் முகம் பார்த்தே மறுக்கப்படும். முகமற்ற கணக்கு வறண்டது. ஆனால் அது யாரையும் படிக்குக் கீழே நிறுத்துவதில்லை, கொள்கையளவிலேனும். மண்டிக்காரரின் மகனும், தீக்குச்சி அடுக்கியவளும், கடைசித் தெருக்காரரும் ஒரே அறையில் மூன்றாண்டு உட்கார்ந்திருந்தார்கள். வணிகம் என்றால் என்ன என்ற பேச்சை அந்த அறையில் தொடங்கியிருந்தால் எந்த மேலாண்மைப் பள்ளியும் அதற்கு ஈடாகாது. அந்தப் பேச்சு தொடங்கவேயில்லை என்பதுதான் எங்கள் குறை. ஃபயோலின் பதினான்கு கோட்பாடுகளை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

மூன்றாம் ஆண்டின் திட்ட அறிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், அது எங்கள் பாவம். இன்ன ஊரில் இன்ன பற்பசை குறித்து நுகர்வோர் மனநிறைவு என்பதுபோல ஒரு தலைப்பு. நூறு பேரிடம் வினாநிரல். நூறில் எண்பதை டீக்கடையில் உட்கார்ந்து, பேனா மாற்றி மாற்றி, நாங்களே நிரப்பினோம். பிறகு விழுக்காடு, வட்டப்படம், பரிந்துரைகள். தட்டச்சு, பைண்டிங், தங்க எழுத்து. அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அதே ஆண்டில் எங்கள் நண்பரின் வீட்டுப் பரணில் முப்பது ஆண்டுப் பேரேடுகள் கிடந்தன. ஒரு கரிசல் ஊரின் மழை, திருமணம், சாவு, பகை, நம்பிக்கை அத்தனையும் தொகையிட்டு எழுதியவை. அவற்றில் ஒன்றை எடுத்து ஓராண்டின் கணக்கைப் படித்து அறிக்கை தந்திருக்கலாம். அப்படித் தரலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் துபாஷ் புதுச்சேரியில் 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பை வரலாறு என்று கொண்டாடுகிறோம். வணிகம் செய்துகொண்டே எழுதியவர்தானே அவரும்.

எங்கள் தரப்பு இவ்வளவுதான். இந்தப் படிப்பை முடிக்கும் ஒவ்வொருவரும் தம்மூர்க் கடை ஒன்றின் ஓராண்டுக் கணக்கை, கடைக்காரரோடு உட்கார்ந்து, கடனில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பது உட்பட, படித்து எழுத வேண்டும். தமிழில் எழுத விரும்புவோர் தமிழில் எழுதட்டும். அதற்குப் புதிய துறையோ நிதியோ தேவையில்லை. பற்பசையை விட்டுவிட்டால் போதும். டேலி வேண்டாம் என்றோ, 2017-இல் வந்த ஜி.எஸ்.டி. வேண்டாம் என்றோ சொல்கிற பழமைவாதிகள் அல்லர் நாங்கள். எங்களில் ஒருவருக்குச் சோறு போடுவதே அதுதான். 2022 முதல் 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் வகுப்புகள் நடக்கின்றன. அவையும் நடக்கட்டும். மருமகளின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தோம். கார்லில் அம்மையார் இன்னும் இருக்கிறார். மகமை இன்னும் வரவில்லை.

அவளுக்கு என்ன பதில் சொன்னோம் என்று கேட்கலாம். பெட்டியை ஆளாக நினைத்துக்கொள் என்றோம். "அட, அவ்வளவுதானா!" என்றாள். பிறகு, வாராக்கடன் என்று எழுதிவிட்ட பணம் பின்னால் வசூலானால் அதைக் கடனாளியின் பெயரில் வரவு வைக்கக் கூடாதாமே, வாராக்கடன் வசூல் என்று தனிக்கணக்குத் திறக்க வேண்டுமாமே, ஏன் என்று கேட்டாள். அந்தப் பெயரை முன்பே அடித்தாகிவிட்டது, புத்தகத்தைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஆளே இல்லை, அதனால்தான் என்று விளக்கினோம். தேர்வில் கட்டாயம் கேட்பார்கள் என்றும் சொன்னோம்.

நினைவுக்கு வந்த ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. 2006 பொங்கலுக்கு முந்தின வாரம், திருப்பூரிலிருந்து அந்தப் பையன் மண்டிக்காரரின் வீட்டுக்கு வந்தான். கடை எடுத்து மூன்றாண்டாகியிருந்தது. செத்துப்போன தகப்பன் வாங்கியதென்று ஆறாயிரம் ரூபாயை எண்ணி வைத்தான். எங்கள் நண்பர் அப்போது வீட்டில் இருந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் நாற்காலி போட்டுப் பரணில் ஏறி, பழைய பேரேட்டை எடுத்துத் தூசி தட்டி, பக்கம் தேடி, செத்தவர் பெயரில் இடப்புறம் வரவு என்று எழுதினாராம். எழுதிவிட்டு, மிச்சம் நிற்பது எவ்வளவென்று கூட்டிப் பார்த்துப் பையனிடம் சொன்னாராம்.